வாங்கியது அடுப்பு, தைத்தது பாவாடை

பழைய பொம்மைகளைத் தேடிச் சேர்ப்பவர்களின் உலகத்தில் பொம்மைக்கு ஒரு விலை, அதன் உடுப்புக்கு இன்னொரு விலை. 1959 மார்ச் 9-ஆம் தேதி நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் ரூத் ஹேண்ட்லர் பார்பியை அறிமுகம் செய்தபோது அதன் விலை 3 டாலர். ஆனால் அவருடைய மேட்டல் நிறுவனத்தின் வியாபார சூட்சுமம் அந்த 3 டாலரில் இல்லை. தனித்தனிப் பொட்டலமாக விற்ற கவுன், செருப்பு, கைப்பை ஆகியவற்றில் இருந்தது. இன்றைக்கும் அந்தக் காலத்துப் பார்பியை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது உடுப்பு அசலா, செருப்பு ஜோடியாக இருக்கிறதா, பெட்டி பிரிக்காமல் இருக்கிறதா என்பதைத்தான். இதே அளவுகோலோடு தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, கடையம் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணில் ஏறினால் கிடைப்பது ஒரு மரப்பாச்சி ஜோடி, ஒரு ஓலைக் கொட்டான் நிறையச் சொப்புச் சாமான், மிஞ்சிப்போனால் நிறம் மங்கிய ஒரு துணித்துண்டு. உடுத்திப் பார்க்கும் பொம்மை என்ற மரபே இந்தப் பக்கம் கிடையாது என்று சேகரிப்பவர் இறங்கி வந்துவிடுவார். அது தவறான முடிவு. உடுத்திப் பார்க்கும் பொம்மை இங்கே இருந்தது, அதை ஒட்டி ஒரு வியாபாரமும் இருந்தது. ஆனால் அந்த வியாபாரம் பொம்மையின் துணிமணியை விட்டுவிட்டு அதன் பாத்திரம் பண்டத்தைப் பிடித்துக்கொண்டது. ஏன் அப்படி நடந்தது என்பதற்கு மரமும் கடைசல் பட்டறையும் புடவையும் ரயிலும் ஆளுக்கொரு சாட்சி சொல்கின்றன.

முதலில் பொம்மையைப் பார்க்கலாம். மரப்பாச்சி என்பது ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி. செஞ்சந்தனத்திலோ கருங்காலியிலோ உளியால் செதுக்கியது. முதுகுப் பக்கம் தட்டையாக, கைகள் உடம்போடு ஒட்டியபடி, நேராக நிற்கும். திருப்பதிக்குப் போய்வருபவர்கள் வாங்கிவரும் பொருள்களில் அது வெகுகாலமாக உண்டு. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குத் தாய்வீட்டார் ஒரு ஜோடி கொடுத்தனுப்புவதும், அவள் புகுந்த வீட்டில் வைக்கும் கொலுவில் அந்த ஜோடியே முதலில் படியேறுவதும் வழக்கம். செதுக்கிய மரத்திலேயே உடையின் மடிப்புகள் கோடாகத் தெரியும். இருந்தும் அந்த மடிப்போடு அதைக் கொலுவில் நிறுத்துவதில்லை. ரவிக்கைத் துணியில் மிஞ்சியதைச் சுற்றி, ஜரிகை ஓரத்தை ஒட்டி, பெண்ணுக்குப் புடவையோ பாவாடையோ, ஆணுக்கு வேட்டியும் அங்கவஸ்திரமும் கட்டிவிடுவார்கள். அடுத்த நவராத்திரிக்கு வேறு துணி. ஆண்டுக்கு ஒருமுறையாவது உடை மாறுகிற, அந்த உடையை வீட்டுப் பெண்கள் யோசித்துத் தேர்ந்தெடுக்கிற ஒரு பொம்மையை ஃபேஷன் பொம்மை என்ற வகையிலிருந்து தள்ளிவைப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மரப்பாச்சி விளையாட்டுப் பொருளே அல்ல, அது சடங்குக்கும் மருந்துக்கும் உரியது என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பாதி உண்மை. செஞ்சந்தன மரப்பாச்சியைக் கல்லில் இழைத்துக் கைக்குழந்தைகளுக்குப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். பல் முளைக்கிற குழந்தை கடிப்பதற்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சடங்குப் பொருள், மருந்து, விளையாட்டுச் சாமான் என்று மூன்று அலமாரி வைத்துப் பிரிப்பது அருங்காட்சியகத்தின் வசதிக்காக ஏற்பட்ட பிரிவு. வீட்டுக்குள் அந்த எல்லைகள் கிடையாது. கொலு முடிந்து பத்தாம் நாள் படி கலைந்ததும், படியில் ராஜா ராணியாக நின்றவர்கள் திண்ணையில் மாப்பிள்ளை பெண்ணாகி விடுவார்கள். இழைத்துத் தேய்ந்த பாதமும் பல் பதிந்த தலையும் ஒரே பொம்மையில் இருப்பது அந்தப் பல பயன்களுக்கான அத்தாட்சி.

பொம்மை வெளியிலிருந்து வந்தது என்றால், அதன் குடித்தனத்துக்கு வேண்டியதெல்லாம் பக்கத்திலேயே தயாரானது. தாமிரபரணிக் கரையில் இருக்கும் அம்பாசமுத்திரத்தின் (சுருக்கமாக அம்பை) கடைசல் பட்டறைகள்தான் இந்த வட்டாரத்தின் சொப்புச் சாமானுக்குப் பேர்போனவை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அம்பை திருநெல்வேலி மாவட்டத்திலேயே நின்றுவிட்டது. பழைய வியாபாரக் கணக்கில் இரண்டும் ஒரே வட்டாரம். அடுப்பு, பானை, குடம், உரல், உலக்கை, அம்மி, ஆட்டுக்கல், திருகை, குத்துவிளக்கு என்று ஒரு சமையல்கட்டு முழுவதையும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் கடைந்து, பனையோலைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். மஞ்சள் கடம்பு மரம் இதற்கு வாகானது: மென்மையாக இழையும், நார் பிசிறாது. சுழலும் மரத்தின் மேல் நிறம் ஏற்றிய அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். தூரிகைக்கு அங்கே வேலையில்லை. இந்த வேலையைத் தெரிந்த எவரும் பழைய சொப்பைக் கையில் எடுத்ததும் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். அரக்கு, வளையம் வளையமாக மரத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். பின்னாளில் பூசிய பெயிண்ட் செதிலாக உரியும்.

இந்தச் சாமான்களின் பட்டியலில் ஒன்று கண்ணில் படுகிறது. கடைசல் பட்டறை செய்தவை பெரும்பாலும் உருண்டை வடிவமானவை. கடைசல் எந்திரத்தின் இயல்பே அது. அச்சைச் சுற்றிச் சுழலும் மரத்தில் உளியை வைத்தால் பிறப்பது வட்டம்தான். பானைக்கும் உரலுக்கும் விளக்குக்கும் அது தோதான கருவி. மனித உடம்பு அப்படியில்லை. அதற்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு, தோளும் இடுப்பும் வேறு வேறு அகலம், மூக்கு ஒரு திசையில் மட்டும் துருத்தியிருக்க வேண்டும். ஆகவே கடைசல்காரர் சமையல்கட்டைச் செய்ய, ஆளைச் செதுக்குவது வேறு ஊரில் வேறு கைவினைஞரிடம் போனது. சென்னப்பட்டணத்தில் கடைசலிலேயே மனித பொம்மை செய்கிறார்களே, ரஷ்யாவின் மத்ரியோஷ்கா கடைசலில்தானே பிறக்கிறது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பொம்மைகளின் உடை மரத்தின் மேல் தீட்டிய வண்ணம். மத்ரியோஷ்காவின் தலைத்துணியை அவிழ்க்க முடியாது. சென்னப்பட்டணத்து ராஜாவுக்கு வேட்டி மாற்ற முடியாது, கட்டினாலும் இடுப்பில்லாத உடம்பில் துணி நிற்காது. உடுத்திப் பார்க்க வேண்டுமென்றால் உளி செதுக்கிய உடம்புதான் வேண்டும். அம்பைப் பட்டறை உடுத்தும் பொம்மையைத் தொடாமல் விட்டதை இந்தத் தொழில்நுட்பக் காரணத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, பொம்மையைத்தான் செய்யவில்லை; பொம்மைக்கு உடுப்பு தைத்து விற்க யாரும் ஏன் முன்வரவில்லை? துணிக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. சங்கரன்கோவில், புளியங்குடி, வீரவநல்லூர் எல்லாமே தறி ஓடும் ஊர்கள். இதற்குப் பதில் தேட ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. பார்பிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸிலிருந்து ‘பண்டோரா’ என்ற பெயரில் உடுத்திய பொம்மைகள் பிற நாட்டு அரண்மனைகளுக்கும் தையற்காரர்களுக்கும் போய்க்கொண்டிருந்தன. அவை குழந்தைகளுக்காகப் போகவில்லை. இந்தப் பருவத்தில் கழுத்து எப்படி வெட்டுகிறார்கள், கை எவ்வளவு உப்பலாக வைக்கிறார்கள் என்ற செய்தியைச் சுமந்து போயின. வெட்டித் தைக்கும் உடையில் புதுமை வெட்டில் இருக்கிறது. வெட்டைக் காட்ட ஒரு உடம்பு வேண்டும். பத்திரிகைகளில் படம் அச்சாகத் தொடங்கியதும் அந்தத் தூதுப் பொம்மைகளின் வேலை போயிற்று. ஆனால் உடைக்காகவே பொம்மை என்ற எண்ணம் தங்கிவிட்டது. விக்டோரியா அரசி சிறுமியாக இருந்தபோது 132 சிறு மரப்பொம்மைகள் வைத்திருந்தார். வீட்டு ஆசிரியையாக இருந்த லேசன் சீமாட்டியும் அவருமாக, நாடக மேடையில் கண்ட நடிகைகளின் உடையையும் அரண்மனைப் பெண்களின் உடையையும் பார்த்து அவற்றுக்குத் தைத்து உடுத்தினார்கள்.

புடவை வேறு விதமான உடை. அதில் வெட்டே கிடையாது. புதுமை என்பது கரையில், முந்தானையில், நிறத்தில், நூலில் இருக்கிறது. அதைக் காட்ட ஜவுளிக் கடைக்காரருக்குப் பொம்மை வேண்டாம். துணியைப் பிரித்துப் போட்டாலே போதும். அதே காரணத்தால் பொம்மைக்கென்று தனியாகச் செய்து விற்க வேண்டிய புடவை என்று ஒன்றும் கிடையாது. எந்தத் துண்டுத் துணியும் மரப்பாச்சிக்குப் புடவைதான். ரவிக்கையும் சட்டையும் பாவாடையும் தைக்கும் தையல்காரர் கடைத்தெருவுக்கு வந்த பிறகு, அவர் கத்தரியிலிருந்து விழுந்த துண்டுகள் பொம்மைக்கு வந்தன. காசு கொடுத்து வாங்கத் தேவையே இல்லாத பொருளுக்குச் சந்தை உருவாகாது. மர உரல் அப்படியில்லை. வீட்டில் யாராலும் கடைய முடியாது. வாங்கித்தான் ஆக வேண்டும். கடையில் வாங்கியது அடுப்பும் உரலும், வீட்டில் தைத்தது பாவாடை என்ற பங்கீடு இப்படித்தான் ஏற்பட்டது என்பது என் துணிபு. ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் பொம்மைச் சமையலறைகள் செய்து விற்றார்களே, அப்படியானால் இதில் தென்பாண்டிச் சீமைக்கு மட்டும் என்ன தனித்தன்மை என்றால், நூரம்பெர்க்கில் சமையலறையோடு உடுப்பும் விலைக்குக் கிடைத்தது. இங்கே உடுப்பு மட்டும் கடைசிவரை சந்தைக்கு வெளியே நின்றது.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் ஆழமானது. இந்த மண்ணில் பெண்குழந்தைகளின் விளையாட்டு பழங்காலம் தொட்டே வீடு கட்டி விளையாடுவதாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் மணலில் செய்த வண்டற்பாவையும் கோரைப் பாவையும் வருகின்றன. சிற்றில் கட்டிச் சிறுசோறு சமைப்பது பிள்ளைத்தமிழ் வரை தொடர்கிறது. அதன் நேரடி வாரிசு இன்றும் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் நடக்கும் சிறுவீட்டுப் பொங்கல். மார்கழி மாதம் வாசல் கோலத்தில் சாண உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூவைச் செருகி, தட்டிக் காயவைத்துச் சேர்த்து வருவார்கள். தை பிறந்து பெரிய பொங்கல் முடிந்த பிறகு, முற்றத்தில் மண்ணால் சிறுவீடு கட்டி, அங்கே பெண்குழந்தைகளுக்காகத் தனியாகப் பொங்கல் வைத்து, சேர்த்த எருவை ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். விளையாட்டு எது, விழா எது என்று பிரிக்க முடியாத இந்தச் சடங்கின் நடுவில் இருப்பது வீடும் அடுப்பும். உடுப்புக்கு அங்கே பெரிய இடமில்லை. பெண்ணைச் சமையல்கட்டுக்குள் பூட்டும் பயிற்சிதானே இது என்றால், ஆமாம், அதுவும்தான். உரலும் அம்மியும் பெண்குழந்தையின் கையில் வந்த வரலாற்றில் அந்தக் கசப்பை மறைக்க வேண்டியதில்லை. பார்பி கற்றுக் கொடுத்தது வேறொரு பூட்டு, அவ்வளவே.

இந்தப் பங்கீட்டைக் கலைத்த சக்திகளில் முதலாவது குற்றாலம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவரும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வரும் கூட்டத்தை நம்பியே அங்கே ஒரு கடைத்தெரு வாழ்கிறது. 1903, 1904 வாக்கில் திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கும், அங்கிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. 1927-இல் விருதுநகரிலிருந்தும் தென்காசிக்குப் பாதை வந்தது. பட்டறை இருந்த ஊரும் அருவிக்குப் போகிறவர்கள் இறங்குகிற ஊரும் ஒரே இருப்புப் பாதையில் அமைந்தன. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரையும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்த ஊர் என்பதால், மலைக்கு அந்தப் பக்கத்து வாடிக்கையும் தொலைவில் இல்லை. சீசன் கடைகளில் நேந்திரங்காய் வறுவலுக்கும் மங்குஸ்தானுக்கும் பக்கத்தில் சொப்புச் சாமான் தொங்கத் தொடங்கியதும் அதன் இயல்பு மாறியது. உள்ளூர்ச் சிறுமிக்கு அது புழங்கும் பொருள். அருவிக்கு வந்தவருக்கு ஊருக்கு எடுத்துப்போகும் ஞாபகப்பொருள். புழங்கியது உடைந்துபோனது, ஞாபகப்பொருள் கண்ணாடி அலமாரியில் பிழைத்துக் கிடந்தது. பழைய அம்பைச் சொப்பைத் தேடுகிறவர்கள் அம்பையைவிட்டு மதுரையிலும் சென்னையிலும் தேடினால் நல்ல நிலையில் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பதற்கு இதுவே காரணம். வீடுகளில் மிக்ஸியும் கிரைண்டரும் வந்து உரலும் ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறம் போன பிறகும் பட்டறைகள் அதே வடிவங்களைக் கடைந்துகொண்டிருந்தன. குழந்தைகள் நேரில் பார்த்திராத பாத்திரங்களை விளையாடக் கொடுத்த விசித்திரம் அப்படி ஏற்பட்டது.

இரண்டாவது சக்தியான பிளாஸ்டிக் வந்த கதையை எல்லோரும் அறிவார்கள். விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1991-க்குப் பிறகு பார்பியும் அதன் மலிவு நகல்களும் சிறுநகரக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. உடுப்பு என்பது அட்டையில் குத்தி விற்கும் சரக்காக முதல்முறை இங்கே அறிமுகமானது. அதற்கும் முன்பே இந்தியாவில் உடைக்காகப் பொம்மை சேர்த்த ஒருவர் உண்டு: கார்ட்டூனிஸ்ட் சங்கர். டெல்லியில் 1965-இல் அவர் நிறுவிய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்தில் இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரத்து மணமக்களையும் நடனக்காரர்களையும் அந்தந்த ஊர் உடையோடு அங்குள்ள பட்டறையிலேயே செய்து வைத்தார்கள். அருமையான முயற்சி. ஆனால் அங்கே உள்ள உடை ஆராய்ச்சியாளர் தீர்மானித்த உடை. ஒரு வீட்டுப் பெண் தன் மரப்பாச்சிக்கு அந்த வருஷம் எதைச் சுற்றினாள் என்பது வேறு வகைச் சாட்சியம், அதை எந்தப் பட்டறையாலும் பின்னாளில் செய்ய முடியாது.

சேகரிப்பவர்கள் மீது எனக்கு உள்ள குறை இந்த இடத்தில்தான். காரைக்குடியின் முனீஸ்வரன் கோவில் தெரு போன்ற பழம்பொருள் சந்தைகளுக்கு மரப்பாச்சி வந்து சேர்வதற்குள் அதன் துணி அவிழ்க்கப்பட்டு, உடம்பு எண்ணெய் தேய்த்து மினுக்கப்பட்டிருக்கும். வாங்குகிறவர் சிற்பத்தைத் தேடுகிறார், விற்கிறவர் சிற்பத்தைக் காட்டுகிறார். ஆண்டுதோறும் மாறிய துணி அசலே இல்லையே, கடைசியாகச் சுற்றிய நைலான் துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று அவர்கள் தரப்பில் சொல்லலாம். பார்பிக்கு அந்த வாதம் பொருந்தும். அங்கே அசல் என்பது தொழிற்சாலை அனுப்பிய நிலை. மரப்பாச்சிக்குத் தொழிற்சாலை நிலை என்று ஒன்றில்லை. மாறிக்கொண்டே இருப்பதுதான் அதன் அசல் நிலை. நைலான் துண்டும் அந்த வீட்டுக்கு நைலான் புடவை எப்போது நுழைந்தது என்பதற்குச் சான்று. ஒரு ஜோடியோடு நான்கைந்து துணிகள் மூட்டையாகக் கிடைத்தால், கைத்தறியிலிருந்து செயற்கை இழைக்குப் போன ஒரு குடும்பத்தின் பயணம் அதில் இருக்கிறது. எந்தத் துணிக்கடைக் கணக்குப் புத்தகமும் அதைச் சொல்லாது.

மரத்தைப் பற்றியும் சேகரிப்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். செஞ்சந்தனம் 1995 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதனால் புதிதாகச் ‘செம்மர மரப்பாச்சி’ என்று மலிவாக விற்பவற்றில் பெரும்பாலும் சாயம் ஏற்றிய வேறு மரம்தான் இருக்கும். உண்மையான செஞ்சந்தனம் கனம் மிக்கது, தண்ணீரில் மூழ்கும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டைக் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வெளிநாட்டு உறவினருக்குப் பாட்டியின் பொம்மையைப் பெட்டியில் வைத்து அனுப்புமுன் இதை நினைவில் வைப்பது நல்லது.

கடைசியாக ஒரு மறுப்பு, இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. மரப்பாச்சியும் பட்டறைச் சொப்பும் பரண் உள்ள வீடுகளின் சொத்து. கொட்டாங்கச்சியில் சோறு பொங்கி, பனங்காய் வண்டி ஓட்டி, கிழிந்த துணியைச் சுருட்டிக் குழந்தையாக இடுப்பில் வைத்த பெண்களின் விளையாட்டு பொருளாக மிஞ்சவே இல்லை. ஆகவே இருக்கும் பொருள்களை வைத்து எழுதும் எந்தப் பொம்மை வரலாறும் வசதியுள்ளவர்கள் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். சிறுவீட்டுப் பொங்கல் அந்தச் சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்துகிறது, ஏனென்றால் அதற்கு வேண்டியது மண்ணும் சாணமும் பூசணிப்பூவும் மட்டும்தான். அதைச் செய்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய சொல்லைப் பதிவு செய்வதும் பொம்மை சேகரிப்பில் சேர்த்திதான்.

வருகிற நவராத்திரிக்குத் தென்காசி வட்டாரத்தில் கொலுப்பெட்டியைத் திறக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மரப்பாச்சியின் பழைய துணியை அவிழ்த்ததும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதை ஒரு காகித உறையில் இட்டு, எந்த வருஷம், யாருடைய புடவையிலிருந்து எடுத்தது, யார் தைத்தது என்று மூன்று வரி எழுதிப் பொம்மையோடு வையுங்கள். சொப்பு இருந்த ஓலைக் கொட்டான் பிய்ந்திருந்தாலும் அதையும் கூடவே வையுங்கள்.